சைக்கிளின் பின் ஓடும் நாய்

மனிதனோடு வழிநடக்கும் விலங்குகளுள் நாய்க்கு ஒப்பானது பிறிதொன்றில்லை. தருமபுத்திரன் இமயமலை ஏறிய காலத்துத் துரௌபதியும் தம்பியரும் ஒருவர்பின் ஒருவராய் வீழ்ந்த பின்னரும், ஒரு நாய் மட்டும் அவனைவிட்டு நீங்காது சென்றதென்று பாரதம் கூறும். எம் சமயத்தில் கத்தோலிக்கர் திருமுறையாகக் கொள்ளும் தோபித்து ஆகமத்திலும், இளைஞன் தோபியா நெடும்பயணம் புறப்படுங்கால் ஒரு நாயும் உடன் புறப்படுகின்றது. அந்நாய்க்குப் பெயருமில்லை, கதையில் அதற்கு யாதொரு வேலையுமில்லை. உடன் சென்றது, உடன் திரும்பியது, அவ்வளவே. இவ்விரு கதைகளையும் அன்பிற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லுவது வழக்கம். யான் ஈண்டுக் குறிக்க விரும்புவது வேறொன்று. தருமனும் நடந்தான், தோபியாவும் நடந்தான். தலைவன் களைத்த இடத்தில் நாயும் களைத்திருக்கும். அவன் கால் சுட்ட இடத்தில் அதன் காலும் சுட்டிருக்கும். ஒரே நிலம் இருவரையும் ஒருங்கே வருத்தியது.

இக்காலத்து நாம் நடப்பதில்லை. முன்னோர் துவிசக்கர வண்டி என்று எழுதிய சைக்கிளில், மலைப்பாதைக்கென்றே பருத்த சக்கரமும் பல கியர்களும் அமைத்த ஒரு வகை, 1970-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியா நாட்டு மலைச்சரிவுகளில் விளையாட்டாகத் தோன்றி உலகெங்கும் பரவிற்று. அது நம் பொருநைக் கரைக்கும் வந்துவிட்டது. விடுமுறை நாட்களில் நெல்லையிலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் இளைஞர் பலர் விடியுமுன் புறப்பட்டு அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு, பாபநாசம் என்று மேற்கு நோக்கிச் செல்கின்றனர். (ஞாயிறு காலை ஆராதனைக்குச் செல்லும் என் போன்றோர்க்குச் சனிக்கிழமையே கிடைக்கும்.) அவருட் சிலர் தம் நாயையும் உடன் ஓட்டிச் செல்லத் தலைப்பட்டுள்ளனர். இது கூடாதென்று யான் சொல்ல வரவில்லை. யானும் அவருள் ஒருவனே. ஆயின் சக்கரத்தின்மேல் இருப்பவனும் காலால் ஓடுவதும் ஒரே வழியைக் கடப்பதில்லை என்பதை உணர்ந்தபின்னரே நாயை அழைத்துச் செல்லவேண்டும் என்பது என் கருத்து. இதனை நூலிற் கற்றேனல்லேன்.

எங்கள் வீட்டில் சிப்பிப்பாறை வகையைச் சேர்ந்த நாயொன்று உண்டு; செவலை என்பது அதன் பெயர். சென்ற பங்குனி மாதத்தில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு அதனை உடனழைத்துக் கீழநத்தம் வழியாக மணப்படைவீட்டு ஆற்றங்கரைக்குச் சென்றேன். செல்லும்போது குளிர்ந்த காற்று. நாய் எனக்கு முன்னே ஓடிற்று. ஆற்றில் இருவரும் நீராடினோம். பேச்சுத் துணை கிடைத்தமையால் நேரம் போனதறியாது பத்து மணிக்குமேல் திரும்பினேன். வழியில் செவலை இருமுறை சாலையைவிட்டு விலகி வேலிக்கருவை நிழலில் நின்றது. இருமுறையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், இருமுறையும் வந்தது. வீடு சேர்ந்தபின் படுத்தவாறே தன் பாதங்களை நக்கிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தபோது நான்கு பாதத்தின் அடித்தோலும் கொப்புளித்து, ஒன்றில் தோலே உரிந்திருந்தது. பத்து நாள் அது நடக்கவில்லை. கஞ்சி வைத்தாலும் படுத்தபடியே குடித்தது. கூப்பிட்டவுடன் வந்ததே என்று எண்ணுந்தோறும் எனக்கு நாணமே மிகும். அது வர இயன்றமையால் வரவில்லை; யான் கூப்பிட்டமையால் வந்தது.

நாயின் உடலமைப்பை அறிந்தோர் இதில் வியப்படையமாட்டார். நமக்கு உடல் முழுதும் வியர்க்கும். அதற்குப் பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். வாயைத் திறந்து இளைத்தே அது தன் வெப்பத்தை வெளியேற்றவேண்டும். அதன் இயல்பான உடல்வெப்பமே 38 முதல் 39 பாகை சென்டிகிரேடு. 41 பாகையைக் கடந்தால் உயிருக்கு இறுதி நேரலாம். காற்றின் வெப்பம் 35 பாகையாயிருக்கையில், வெயில் காயும் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 பாகையை எட்டுதல் கூடும். நாம் செருப்பும் ரப்பர்ச் சக்கரமும் உடையேம். அச்சாலையை நாம் தொடுவதேயில்லை. புறங்கையைச் சாலைமேல் வைத்து ஏழு விநாடி பொறுக்க இயலாதாயின் நாயை அதில் நடத்தலாகாது என்பது எளியதோர் அளவுகோல். அன்று காலை யான் இதனைச் செய்து பார்த்திருப்பேனாயின் இக்கட்டுரையே எழுந்திராது.

இன்னொன்று: மேட்டில் ஏறுங்கால் நாம் திணறுகின்றோம், நாய் எளிதாக வருகின்றது. இறக்கத்தில் நாம் காலை அசைக்காமலே பறக்கின்றோம். நாயோ தன் வலிமையெல்லாம் கூட்டி ஓடுகின்றது. நமக்கு ஓய்வாகிய இடம் அதற்குப் பெருந்துன்பம். எனவே நம் களைப்பை வைத்து நாயின் களைப்பை அளக்க முற்படுதல் தவறாகும்.

'தெருநாய்கள் வெயிலிற் திரியவில்லையா?' என்று நண்பர் ஒருவர் வினவினார். தெருநாயை அவர் உற்று நோக்கவில்லை என்றே நினைக்கின்றேன். நண்பகலில் அது தேநீர்க் கடை விசுப்பலகையின் கீழோ, நிறுத்திய வண்டியின் அடியிலோ, சாக்கடை ஓரத்து ஈரமண்ணிலோ படுத்திருக்கும். அதற்கு எசமானன் இல்லை. ஆகையால் அது தன் அறிவின்படி நடக்கின்றது. 'ஆட்டுக்கிடை போடுவோரின் நாய்கள் நாள்முழுதும் நடக்கின்றனவே' என்றார் மற்றொருவர். நடக்கின்றன, ஆயின் அம்மந்தையின் வேகம் தளர்ந்த குட்டியின் வேகம். உச்சிப்பொழுதில் மந்தையும் மேய்ப்பனும் நாயும் ஒரே மரநிழலில் கிடப்பர். அலாஸ்காவில் 1925-ஆம் ஆண்டு நோம் என்னும் ஊர்க்குத் தொண்டை அடைப்பான் மருந்தைச் சறுக்குவண்டி நாய்கள் 674 மைல் கொண்டுசென்ற வரலாற்றையும் சிலர் காட்டுவர். அந்நாய்கள் ஓடியது உறைபனியில். அதுவும் ஒரே நாய்க்கூட்டமன்று, 20 வண்டியோட்டிகள் முறைமாற்றித் தத்தம் நாய்களுடன் ஓடினர். சித்திரை மாதத்துத் திருநெல்வேலிக்கு அதிலிருந்து பாடம் எடுத்தல் பொருந்தாது.

நாய் வகையையும் கருதவேண்டும். நம் பக்கத்துச் சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லியான உடலும் நீண்ட காலும் உடைய வேட்டைநாய்கள். (மணப்பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தமையால் கன்னி எனப் பெயர் வந்ததென்பர்.) இவை முயலைக் கண்டால் மின்னலெனப் பாயும், ஆயின் அப்பாய்ச்சல் சிறுபொழுதுக்கே. நெடுந்தூரம் ஒரே சீராய் ஓடப் பழக்கவேண்டும். பிறவியிலேயே அத்திறம் உண்டென்று கருதலாகாது. மேலும் இவை கண்ணால் வேட்டையாடுவன. வயல்வெளியில் மயிலைக் கண்டால், கயிற்றைப் பிடித்தவனும் சைக்கிளும் ஒருங்கே வாய்க்காலிற் கிடக்க நேரும். கயிறு இல்லையேல் இன்னும் கேடு. மயில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்து முதல் அட்டவணையில் உள்ளது. நாய் கடித்தால் வினா நாயை நோக்கி எழாது. இராஜபாளையத்து வெண்ணாய்களிற் சில பிறவிச் செவிடு. அவற்றைக் குரலால் நிறுத்த இயலாது. தட்டை முகமுடைய பக் முதலிய நாய்கள் இருந்த இடத்திலேயே மூச்சுக்குத் திணறுவன; அவற்றைச் சைக்கிளின் பின் ஓட்டுதல் கொடுமை. ஒரு வயது நிரம்பாத எந்நாயையும் எலும்பு முதிருமுன் இவ்வாறு ஓட்டலாகாது. பெருவகை நாயாயின் ஒன்றரை வயதும் பொறுத்தல் நன்று.

இனி, எப்படி அழைத்துச் செல்வது? முதலில் சைக்கிளை உருட்டிக்கொண்டே நாயுடன் நடந்து பழக்கவேண்டும். ஏறி ஓட்டுவது பின்னர். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டினால் ஒவ்வோர் இழுப்பும் மூச்சுக்குழலை நெரிக்கும். மார்பைச் சுற்றிய வார்ப்பட்டையே தக்கது. கயிற்றைக் கைப்பிடியில் சுற்றுவோர் பலரைக் காண்கிறேன். நாய் திடுமென இழுத்தால் முன்சக்கரம் திரும்பிவிடும். இருக்கைக்குக் கீழுள்ள தண்டில், இழுத்தவுடன் அவிழும் முடிச்சாகக் கட்டலாம். நாய் நமக்கு இடப்பக்கமே வரவேண்டும். லாரியும் பஸ்ஸும் வலப்பக்கம் கடந்து செல்வதனால் மட்டுமன்று, சைக்கிளின் சங்கிலியும் பற்சக்கரமும் வலப்பக்கமே இருப்பதனாலும். நாய் பாய்ச்சலுக்கு மாறாமல் பெருநடையாய் வரும் வேகமே நம் வேகம். வயிறு நிறைய உண்ட நாயை இரண்டு மணி நேரமாவது ஓட்டலாகாது. மார்பு ஆழ்ந்த வேட்டைநாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் கொடிய நோய் உண்டு. நமக்கு ஒரு புட்டி நீரெனில் அதற்கும் ஒரு புட்டி.

நா அகன்று செக்கச் சிவந்து தொங்குவதும், உமிழ்நீர் கயிறாய் ஒழுகுவதும், பின்தங்குவதும், கால் பின்னுவதும் வெப்பத் தாக்கின் குறிகள். அவ்விடத்திலேயே நிழலிற் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். ஈரத்துணியைப் போர்த்தி மூடினால் வெப்பம் உள்ளேயே தங்கும். குளிர்வித்த பின்னரே இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ கொண்டுசெல்க. வண்டி தேடும் நேரத்தில் உயிர் போதலும் உண்டு.

வழியைப் பற்றிச் சிறிது. நம் பள்ளத்தாக்கிற்கு வாய்த்த பெரும்பேறு அதன் கால்வாய்க் கரைகள். சேரன்மகாதேவிப் பக்கத்துக் கன்னடியன் கால்வாய்க் கரையில் மண்பாதையும் மரநிழலும் உண்டு. தார்ச்சாலையில் ஓடி வருந்திய நாய் அங்கே தலை நிமிர்ந்து வருவதைக் காணலாம். பாளையங்கால்வாயும் ஊருக்கு மேற்கே இனியதே; நகருக்குள் அதன் நீர் இருக்கும் நிலையை எழுதவேண்டுவதில்லை, அதில் நாயின் வாய் படாதிருப்பதாக. எலிச்சிறுநீரால் பரவும் காய்ச்சல் தேங்கிய நீரில் உண்டு. ஊர்களைக் கடக்குங்கால் தெருநாய்கள் கூட்டமாய் எதிர்க்கும். அப்போது விரைந்து ஓட்டாமல் இறங்கி, சைக்கிளை இடையே நிறுத்தி நடப்பதே தக்கது. வெறிநாய்க்கடி நோய் தோன்றியபின் பிழைத்தல் மிக அரிது. ஆண்டுதோறும் தடுப்பூசி போடாத நாயை வாசலைத் தாண்டவும் விடலாகாது.

மலைக்கு வருவோம். இங்கேதான் என் நண்பர் பலரோடு மாறுபடுகின்றேன். பாபநாசத்திற்கு மேலும் மணிமுத்தாற்றிற்கு மேலும் நாயைக் கொண்டுசெல்லும் ஆவலை அவர் விட்டபாடில்லை. அம்மலை 1962-இல் முண்டந்துறைப் புலிகள் சரணாலயமாகவும், 1976-இல் களக்காடு சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டு, 1988-இல் இரண்டும் ஒன்றாகித் தமிழ்நாட்டின் முதற் புலிகள் காப்பகமாயிற்று. அங்குச் சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை என்பது அடிவாரத்துச் சிற்றூரார் அனைவரும் அறிந்தது. ஆயின் என் அச்சம் நாயைக் குறித்து மட்டுமன்று. தொல்காப்பிய மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமைக்கும் குருளை என்னும் பெயர் கூறப்பட்டுள்ளது. நாய்க்கும் புலிக்கும் பிள்ளைப்பெயர் ஒன்றென்று வகுப்பில் பயின்றபோது நகைத்தோம். நோயும் ஒன்றென்பதைப் பின்னரே அறிந்தேன். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோய் பெரும்பூனை இனத்தையும் கொல்லும். 1994-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி வெளியில் ஏறத்தாழ 1,000 சிங்கங்கள், அதாவது மூன்றில் ஒரு பங்கு, அந்நோயால் மடிந்தன. சுற்றியிருந்த ஊர்நாய்களிலிருந்தே அது பரவிற்றென்று ஆராய்ந்தோர் கண்டனர். 2018-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நம் நாட்டுக் கிர் காட்டில் 20-க்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும், சிலவற்றின் உடலில் இந்நோய்க் கிருமி காணப்பட்டது. களக்காட்டு மலையில் புலியும் சிறுத்தையும் மட்டுமல்ல, நாயினத்திற்கு நெருங்கிய செந்நாயும் வாழ்கின்றது. 'என் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறேன்' என்பார் உண்மையே கூறலாம். அவர் பின்னே வரும் பத்துப்பேரும் அவ்வாறே கூறும் பொறுப்பை யார் ஏற்பர்? காட்டு அதிகாரி சோதனைச் சாவடியில் தடுப்பதை அடக்குமுறை என்று பேசுவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

செவலையின் பாதம் ஆறிவிட்டது. யான் பாபநாசம் செல்லும் நாட்களில் அதனை முற்றத்து வேம்படியிற் கட்டிவிட்டுச் செல்கின்றேன். சைக்கிளை எடுக்கும் ஓசை கேட்டதும் எழுந்து நின்று வாலை ஆட்டும். கதவைச் சாத்தியபின் சிறிது நேரம் முனகும் என்று அம்மா சொல்லுகிறார்கள். மாலை ஐந்தரை மணிக்குமேல், முற்றத்துச் சிமெந்துத் தரையில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, அதனைக் கால்வாய்க் கரைக்கு அழைத்துச் செல்கின்றேன்.