கரை தமிழர்க்கு, கணக்கு ஆங்கிலத்திலா?

சோழமண்டலக் கரையோரம் மணல் ஆண்டுதோறும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே மிகுதியாக நகர்கிறது. 1870களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அம்மணலை மறித்தன. தெற்கே மெரினா மணற்பரப்பு விரிந்தது. வடக்கே இராயபுரத்துக் கரையைக் கடல் தின்றது. 1980களில் புதுச்சேரியில் எழுந்த துறைமுகமும் அதே கேட்டை விளைத்தது.

இத்தகைய கேட்டை முன்னறியவே இன்று கணிப்புருக்கள் உள்ளன. அலையின் உயரம், காற்றின் விரைவு, கடலடியின் ஆழம், மணலின் பருமன் ஆகியவற்றைக் கணினியில் இட்டு, கரை பின்னாளில் எங்கே நிற்கும் எனக் கணக்கிடுகின்றனர். முனைவர் பட்டம் முடித்த இளைஞர் இத்துறையில் மேலாய்வு செய்ய நடுவண் அரசு நல்கை தருகிறது. அத்தகைய ஆய்வுக்குரிய நாட்டுக் கடலோர ஆய்வு நடுவமும் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும் சென்னையிலேயே உள்ளன. நன்று! ஆனால், அந்நல்கை எவர் பணம்? மீனவர் செலுத்தும் வரியும் அதில் உண்டன்றோ? ஆய்வின் முடிவு மட்டும் ஏன் அவர்க்கு விளங்காத மொழியில்?

கரையில் ஒரு துறைமுகம் வருகிறதென்றால் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை. ஆனால், அறிக்கையின் சுருக்கம் மட்டும் மக்கள் மொழியில் இருந்தால் போதும் என்றும் அதுவே சொல்கிறது. கரை அரிக்குமா, அரிக்காதா என்னும் கணக்கோ முழு அறிக்கைக்குள் ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. படிக்க இயலாத கணக்கிற்கு எவ்வாறு மறுப்புரைப்பது? 2020-இல் இவ்வறிவிக்கைக்கு மாற்றாக வந்த வரைவை 22 மொழிகளிலும் வெளியிடுமாறு தில்லி உயர் முறைமன்றம் ஆணையிட்டது. நடுவண் அரசோ அவ்வாணையை எதிர்த்து உச்ச முறைமன்றத்தின் கதவைத் தட்டியது!

"அறிவியலுக்குத் தமிழில் சொல் இல்லை" என்பர் சிலர். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் எனக் காற்றைப் பிரித்தறிந்தவன் தமிழ் மீனவன். நீரோட்டத்தை நீவாடு என்றான். கடலேற்றத்தை ஓதம் என்றான். சொல் கரையிலே கிடக்கிறது, குனிந்தெடுக்கத்தான் ஆளில்லை!

ஆகவே, தமிழ்நாட்டுக் கரையை ஆய நல்கை பெறும் ஒவ்வொருவரும் தம் முடிவைத் தமிழிலும் எழுதித் தருதல் கடமையாக்கப்பட வேண்டும். அதனை அக்கரையின் ஊர்மன்றத்தில் படித்து, கேட்கும் வினாக்களுக்கு விடை சொல்லவும் வேண்டும்.

தன் வீட்டுவாயிலை அலை எப்போது எட்டும் என்பதைத் தன் மொழியில் அறிய இயலாதவன், அக்கரைக்கு உரியவனாக எத்தனை நாள் இருப்பான்? தமிழ் இளைஞனே! நல்கையைப் பெறு, கடலை ஆய்ந்து தெளி, தெளிந்ததைத் தமிழில் எழுது!