பாறைமீதா, மணல்மீதா?

ஜெர்மனியின் ஆஸே உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 அணுக்கழிவுக் கலன்கள் இறக்கப்பட்டன. பாதுகாப்பான இடம் என்றார்கள். 1988 முதல் உப்புநீர் உள்ளே கசிந்து வருகிறது. கலன்களை மீண்டும் வெளியே எடுக்கவேண்டும் என 2013ல் சட்டம் இயற்றப்பட்டது.

1977ல் தேர்ந்தெடுக்கப்பட்ட கோர்லேபனை எதிர்த்து மக்கள் பல்லாண்டுகள் போராடினர். 2020ல் நாடு முழுவதன் நிலத்தடித் தரவுகளையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட்டபோது, அங்கே உப்பின்மேல் உள்ள மண்ணடுக்குகள் போதிய காப்பு அல்ல என்று கண்டு, அந்த இடத்தை நீக்கினர்.

மணல்மீது வீடு கட்டியவனுக்கும் மழை வரும்வரை குறை தெரியவில்லை. பாறையையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்து அறிவது முதல் கடமை. அறிந்ததை மக்கள்முன் மறைக்காமல் வைப்பது அடுத்த கடமை. இக்கழிவின் நஞ்சு பல்லாயிரம் ஆண்டுகள் நீடிக்கும். இனிப் பிறக்கவிருக்கும் பிள்ளைகளும் நமக்கு அடுத்திருப்பவரே. அவர்களுக்காகவும் நாம் கேள்வி கேட்போம்.