பிள்ளை ஆர்?



சென்ற இதழில் கந்தசஷ்டி விரதமும் சலரோகமும் பற்றி எழுதியிருந்தேன். "டொக்டர், குளிசைக் கணக்குப் போதும், ஒருமுறையாவது சிரிக்கக்கூடியதாக ஏதும் எழுதுங்கோ" என்று மண்டபத்தில் இரண்டு மூன்று பேர் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே இம்முறை, மேசை லாச்சிக்குள் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கிடக்கும் ஒரு நீலக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் மகள் 1995இல் இங்கிலாந்தில் பிறந்தாள். அடுத்த வருஷம் என் மனைவியின் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலையிலிருந்து மாலை வரை பிள்ளைக்கு அம்மம்மாதான் உலகம். வீட்டில் தமிழ், ரீ.வி.யில் ஆங்கிலம், மூன்று வயதில் நேர்சரி. இரண்டு மொழியும் ஒரே வாயில் கலந்து வரத் தொடங்கியபோது, அவள் சொல்வதைத் திகதி போட்டு எழுதி வைத்தேன்.

முதற் பதிவு இரண்டரை வயதில். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கத்துகிறாள்: "அம்மம்மா, காகம்ஸ் பறக்கிங்!"

அடுத்தது நேர்சரியில் நடந்தது. வீட்டில் நாங்கள் சட்டை போடு, குளிசை போடு, சண்டை போடாதே என்று சொல்கிறோம் அல்லவா? அங்கே இரண்டு பையன்கள் அடிபட, இவள் நடுவில் போய் நின்று "டோன்ற் புட் பைற்!" என்று அதட்டினாளாம்.

இன்னொரு நாள் நேர்சரியிலிருந்து எனக்கு ரெலிபோன். பிள்ளை அழுகிறாள், "மை ரீத் ஆர் பொயிலிங்" என்கிறாள், சூடாக என்ன கொடுத்து அனுப்பினீர்கள் என்று ரீச்சர் கேட்டார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும், யாழ்ப்பாணத்தில் பல் வலிக்காது, கொதிக்கும் என்று? எங்கள் ஊரில் தலை இடிக்கும், கால் உழையும், பல்லு கொதிக்கும். பிள்ளை சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறாள்!

எனக்கு மிகவும் பிடித்த பதிவு இது. அம்மம்மா விளக்கேற்றிவிட்டு, சுவாமிப் படத்தைக் காட்டி "பிள்ளையார்" என்று சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளை நெஞ்சில் கையை வைத்து "நான்!" என்கிறாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் எங்களுக்கு விளங்கியது. எங்கள் பேச்சில் 'யார்' என்பது 'ஆர்' அல்லவா? "பிள்ளை ஆர்?" என்று அம்மம்மா கேட்பதாக நினைத்து அவள் பதில் சொல்லியிருக்கிறாள். நானும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மம்மா சிரிக்கவில்லை. "ஓம், நீதான் பிள்ளை. அவர் எங்கள் எல்லாருக்கும் பெரிய பிள்ளை" என்று சொல்லி ஒரு கற்கண்டை வாயில் வைத்தார்.

பிள்ளை குழம்பிப் போயிருக்கிறாள், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று நேர்சரியில் ஆலோசனை சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. 1958இல் ஜீன் பேர்க்கோ என்ற அமெரிக்கப் பெண்மணி, இல்லாத ஒரு பிராணிக்குப் புதுப் பெயர் சூட்டி, படத்தில் இரண்டு நின்றால் என்ன சொல்வாய் என்று சிறு பிள்ளைகளைக் கேட்டார். அந்தச் சொல்லை முன்பின் கேட்டிராத பிள்ளைகள் தயங்காமல் பன்மை விகுதி சேர்த்தார்கள். 'காகம்ஸ்' என்பதும் அதே வேலைதான். அது குழப்பமல்ல, இலக்கணம். வேர்னர் லியோபோல்ட் என்ற மொழியியலாளர், ஜெர்மனும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த தம் மகளின் பேச்சை 1939 முதல் 1949 வரை நான்கு பாகங்களாக வெளியிட்டார். அந்தப் பிள்ளையும் ஆரம்பத்தில் இரண்டையும் கலந்துதான் பேசினாள், பிறகு தானாகவே பிரித்துக்கொண்டாள். 1962இல் கனடாவின் மொன்றியல் நகரில் பீல், லம்பேர்ட் என்ற இருவர் செய்த ஆய்வில், இருமொழிப் பிள்ளைகள் புத்திப் பரீட்சைகளில் பின்தங்கவில்லை, முந்தியே நின்றார்கள். இவற்றையெல்லாம் சொல்லி ரீச்சரின் வாயை அடைத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன்.

ஆனால் தவறு வேறு இடத்தில் நடந்தது. அதைச் செய்தவன் நானே.

1999ஆம் ஆண்டு, அவளுக்கு நான்கு வயது. பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் பிரசாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இவள் நேரே குருக்கள் ஐயாவிடம் போய், "ஐயர், நீ ஏன் சேட் போடேல்லை? குளிரேல்லையோ?" என்று கேட்டாள். அம்மம்மா அவளை 'நீ' என்றுதான் கூப்பிடுவார். ஆங்கிலத்திலும் எல்லோருக்கும் ஒரே சொல்தான். பிள்ளைக்கு மரியாதைப் பன்மை எங்கே தெரியும்? மண்டபம் அதிர்ந்தது. ஐயாவும் நல்ல மனிதர், அவரும் சிரித்தார். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவன் நான். அதோடு விட்டேனா? பிந்தி வந்தவர்களுக்காக "ஐயாவிட்டை என்ன கேட்டனீங்கள், சொல்லுங்கோ பாப்பம்" என்று மூன்று தரம் சொல்ல வைத்தேன். நான்காம் தரம் அவள் அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

வீடு திரும்பும்போது காரில், எல்லோரும் ஏன் சிரித்தார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நீங்கள் வடிவாகக் கதைத்தபடியால்தான் என்றேன். அவள் நம்பவில்லை.

அதற்குப் பிறகு கொப்பியில் ஏழு பதிவுகள்தான் இருக்கின்றன. கடைசிப் பதிவு 2000 ஜனவரி. எங்களோடு அவள் தமிழில் பேசுவது அத்தோடு நின்றது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கினால் எல்லா வீட்டிலும் இப்படித்தானே என்று ஆறுதல்பட்டோம். பள்ளிக்கூடத்துக்கும் இதில் பங்கு உண்டு, எல்லாவற்றையும் ஒரு சிரிப்பின் மேல் போட நான் வரவில்லை. ஆனால் நோய் எந்தத் திகதியில் தொடங்கியது என்று கேட்பது வைத்தியனின் வழக்கம். கொப்பி ஒரு திகதியைக் காட்டுகிறது.

அம்மம்மாவோடு மட்டும் குசினிக்குள் அவள் தமிழ் தொடர்ந்தது. காரணம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. "காகம்ஸ் பறக்கிங்" என்று அவள் சொன்னால், அம்மம்மா "ஓம், காகங்கள் பறக்குது. எங்கை போகுதுகளாம்?" என்பார். பிழை தானாகத் திருந்தும், கதை தொடரும். இன்று பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்.

2016 அளவில் அம்மம்மாவின் ஞாபகசக்தி குறையத் தொடங்கியது. பின்னால் படித்த மொழி முதலில் கழன்றுபோவதைப் பல நோயாளிகளிடம் கண்டிருக்கிறேன். இங்கே வந்து கடைக்கும் பஸ்ஸுக்குமாகப் பழகிய ஆங்கிலம் அவரை விட்டுப் போனது. 2019இல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு மாலை நான் போனபோது மகள் கட்டிலருகில் இருந்தாள். "கால் உழையுது, தண்ணி விடாய்க்குது" என்று அம்மம்மா சொன்னதை நேர்ஸுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அம்மம்மா அவளையே உற்றுப் பார்த்து, "இந்தப் பிள்ளை ஆர்?" என்றார்.

"நான்தான் அம்மம்மா. நீ சாப்பிட்டியா?" என்றாள் என் மகள். வயது இருபத்துநான்கு, அதே 'நீ'.

"ஓம் சாப்பிட்டன். நீ சாப்பிட்டியோ, பிள்ளை?"

நான் திரைச்சீலைக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். அந்த இலையுதிர் காலத்தில் அம்மம்மா சிவபதம் அடைந்தார்.

சிரிக்க எழுதச் சொன்னவர்கள் மன்னிக்க வேண்டும். வைத்தியன் என்ற முறையில் இளம் பெற்றோருக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் என்னும் நோய் வருவதில்லை. பிள்ளைக்கு எத்தனை சொல் தெரியும் என்று எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். இரண்டு வயது நிறைந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால், அல்லது கூப்பிட்டால் திரும்பாவிட்டால், தமிழைக் குற்றம் சொல்லிக்கொண்டு காத்திராமல் காதைப் பரிசோதிக்கக் கொண்டுபோங்கள்.

மற்றது, பிள்ளை சொல்வதை எழுதி வையுங்கள். அவள் நித்திரையான பிறகு குசினிக்குள் இருந்து இருவருமாக வயிறு நோகச் சிரியுங்கள். முகத்துக்கு முன்னால் வேண்டாம், மண்டபத்தில் வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் வந்து ஏதும் பிழையாகக் கேட்டால், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். குளிருதா என்று கேட்டால், குளிருது என்று சொன்னால் போதும்.

நீலக் கொப்பியை மகள் தனக்குத் தரும்படி போன மாதம் கேட்டாள். பிரதி எடுத்துக்கொண்டு கொடுக்கப் போகிறேன்.

அடுத்த இதழில் முழங்கால் நோவு பற்றி எழுதுவேன். வணக்கம்.