ஒரு ஜீபீ என்றால் ஒரு ஜீபீ

மஸ்கெலியா டவுனில் ரீலோட் போடும் கடைகளில் சுவர் நிறைய பேக்கேஜ் விளம்பரம்தான். யூடியூபுக்கு ஒன்று, பேஸ்புக்குக்கு ஒன்று, வட்ஸ்அப்புக்கு ஒன்று. எனிடைம் இவ்வளவு, நைட் டைம் இவ்வளவு. காசை நீட்டும் ஆளுக்குத் தேவை என்னவோ எந்த நேரத்திலும் எதற்கும் செலவழிக்கக்கூடிய வெறும் டேட்டா. அதுதான் ஜீபீ கணக்கில் பார்த்தால் விலை கூடியது.

விஷயம் தெரிந்த பாவனையாளர் என்றதும் கொழும்பில் மென்பொருள் எழுதுபவர்தான் பலருக்கு நினைவில் வருகிறார். தேயிலைத் தோட்டத்தில் அப்படியில்லை. 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, எந்த மேட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்கும், ஒரு சூம் வகுப்புக்கு எவ்வளவு டேட்டா போகும், வீடியோவின் தரத்தை எவ்வளவு குறைத்தால் ஒரு கிழமை தாங்கும் என்பதையெல்லாம் லயத்துப் பிள்ளைகள் காசைக் கரைத்தே படித்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கவர்ச்சிப் பெயர்கள் வேண்டாம். நிபந்தனைகள்தான் இடைஞ்சல்.

வட்ஸ்அப் பேக்கேஜையே பார்ப்போம். ஆசிரியர் கடந்த வருட வினாத்தாளைக் கோப்பாகவே குழுவில் போட்டால் பேக்கேஜில் அடங்கும். அதையே கூகுள் டிரைவ் இணைப்பாக அனுப்பினால் அடங்காது. விரல் பட்ட கணமே பிள்ளை வேறொரு சேவைக்குள் போய்விடுகிறது, கார்டில் இருந்த மீதிக் காசு கரைகிறது. காசு கரைவது திரையில் தெரிவதில்லை.

நைட் டைம் இன்னொரு கூத்து. நள்ளிரவில் தொடங்கி விடிந்ததும் முடியும். காலையில் பெரட்டுக்குப் போக வேண்டிய தாய், இருட்டோடு எழுந்து ரொட்டி தட்டுபவர், அந்த நேரத்தில் எதைப் பார்க்கப் போகிறார்? உயர்தரம் படிக்கும் மகன் விழித்திருந்து பாட வீடியோக்களை இறக்கி வைத்துக்கொள்கிறான். கெட்டித்தனம்தான், மறுநாள் வகுப்பில் தூங்கி விழாமல் இருந்தால். மற்ற வீடுகளில் அந்தப் பங்கு மாதக் கடைசியில் பயன்படாமலே போகிறது. கடையில் ஒரு கிலோ மா வாங்கினால், இது ரொட்டிக்கு மட்டும், இடியப்பத்துக்குக் கூடாது என்று எந்த முதலாளியும் சொல்வதில்லை.

கம்பனிகளிடமும் நியாயம் இல்லாமலில்லை. இரவில் வலையமைப்பில் நெரிசல் குறைவு, அதை மலிவாக விற்பது சரியான வியாபாரம். வட்ஸ்அப் மட்டும் போதும் என்கிற பாட்டிக்குச் சின்னப் பேக்கேஜ் உதவியும்கூட. 2020இல் பல்கலைக்கழக விரிவுரைகளை ‘லேர்ன்’ வலையமைப்பு வழியாகக் கட்டணமின்றிப் பார்க்க வழி செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இவற்றுக்குப் பக்கத்தில் நிபந்தனையற்ற ஒன்று நியாய விலையில் இல்லாததுதான் குறை.

இந்தியாவில் ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், பார்க்கும் உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வேறுவேறு விலை வைப்பதை 2016 பெப்ரவரியில் தடை செய்தது. பேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ அங்கே அதோடு மூடப்பட்டது. டேட்டா வேண்டாத வாடிக்கையாளருக்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் கட்டாயம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் இன்னொரு உத்தரவு போட்டது. அடுத்த மாதமே கம்பனிகள் அத்தகைய திட்டங்களை வெளியிட்டன. பிரித்தானியாவில் ஆண்ட்ரூஸ் அன்ட் ஆர்னல்ட் என்ற சிறு நிறுவனம் விஷயம் தெரிந்தவர்களுக்கென்றே இணைப்பு விற்கிறது. ஒரு கேலிச்சித்திரத்தில் வரும் இரகசியச் சொல்லைச் சொன்னால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பல்லவி இல்லாமல் நேரே தொழில்நுட்பம் தெரிந்தவரிடம் பேசலாம் என்பது அதன் பெருமை. மஸ்கெலியாவுக்கு அது ஆடம்பரம். இங்கே கேட்பது அதைவிடக் குறைவு.

இலங்கையில் போட்டி சுருங்கிவிட்டது. 2018இல் எடிசலாட் ஹட்சுடன் சேர்ந்தது, 2024இல் எயார்டெல் டயலொக்குடன் சேர்ந்தது. ஐந்து கம்பனி மூன்றானது. இதற்கு நடுவே, 2022 செப்டெம்பரில் கட்டணங்கள் 20 சதவீதம் ஏறின. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாயானது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்தது. தொடக்கத்தில் கருவிக்கே ஒரு இலட்சத்துக்கு மேல் கேட்ட அந்தச் சேவை லயத்துக்கு வழியாகாது.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியில்லாமல் இங்கே கட்டணத் திட்டம் எதுவும் வெளிவர முடியாது. எல்லையற்ற டேட்டா திட்டங்கள் 2021இல் வந்ததும் மக்கள் போட்ட சத்தத்துக்குப் பிறகுதான். ஒவ்வொரு கம்பனியும் ஒரு வெறும் திட்டத்தையாவது வைத்திருக்க வேண்டும்: செயலிப் பிரிவில்லை, இரவு பகல் இல்லை, மாதம் முடிந்தாலும் மீதி அழியாது, ஒரு ஜீபீயின் விலை வரியோடு சேர்த்து வெளிப்படையாகப் போட்டிருக்கும். மவுஸ்ஸாகலைப் பக்கம் சிக்னல் விழாத பள்ளங்களுக்கு இது மருந்தல்ல, அது கோபுரப் பிரச்சினை, தனிச் சண்டை. வெறும் திட்டத்துக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கட்டண அனுமதி கேட்டு அடுத்த விண்ணப்பம் வரும்போது ஆணைக்குழு இதை நிபந்தனையாக வைக்கலாம்.