துறைமுகத் திட்டமும் மணல் கணக்கும்

இந்தியக் கடற்கரைத் துறைமுகங்களை விருத்தி செய்வதற்காக சர்க்கார் 2015-ல் சாகர்மாலா என்னும் திட்டத்திற்குச் சம்மதம் கொடுத்து, 2016-ல் அதன் விவரத்தையும் வெளியிட்டார்கள். பிறகு 2021-ல், 2030-ஆம் வருஷத்தைக் குறித்து ஒரு திட்டம். 2023-ல், 2047-ஐக் குறித்து மற்றொரு திட்டம். 1908-ஆம் வருஷத்துத் துறைமுகச் சட்டமும் போய் 2025-ல் புதுச்சட்டம் வந்தாய்விட்டது. காலத்திற்கேற்ப எதையும் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். பழசு என்பதற்காகவே ஒன்றைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமென்று நாம் ஒருநாளும் சொல்ல மாட்டோம். ஆனால் திருத்துகிறவர்கள் பழைய கணக்கைப் பார்த்துத்தான் திருத்துகிறார்களா என்று கேட்கிறோம்.

கணக்கு என்றால் பணக்கணக்கு மாத்திரமல்ல. மணல் கணக்கும் சேர்ந்ததே. சென்னைத் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். 1875-ல் வேலை தொடங்கிக் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். 1881-ல் புயல் அதை உடைத்தெறிந்தும் மறுபடியும் கட்டினார்கள். நமது கரையில் வருஷத்தின் பெரும்பகுதி நாட்களில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தங்கிவிட்டது. இன்று எல்லோரும் காற்று வாங்கப் போகும் மெரினா இவ்வளவு அகலமானது அதனால்தான். வடக்கே போகவேண்டிய மணல் போகாததால், இராயபுரம் முதற்கொண்டு கரை அரிக்கப்பட்டு, மீனவர் குப்பங்கள் இடத்தை இழந்தன. அப்புறம் அந்தக் கரையைக் காக்கவும் கல் கொட்ட வேண்டியதாயிற்று.

இதைக் கடல் மாதாவின் கோபமென்றும் தலைவிதியென்றும் சொல்லுகிறவர்கள் உண்டு. தலைவிதியானால் சுவருக்குத் தெற்கே இருப்பவனுக்கு மணல், வடக்கே இருப்பவனுக்கு அரிப்பு என்று இவ்வளவு ஒழுங்காகவா எழுதியிருக்கும்? கல்லைப் போட்டவன் மனிதன். பரிகாரம் செய்ய வேண்டியவனும் மனிதனே.

நிற்க, நாம் துறைமுகத்திற்கு விரோதிகள் என்று யாரும் கருத வேண்டாம். கப்பல் வந்தால் வேலை வரும், சரக்கு வரும் என்பது நமக்கும் தெரியும். லாபம் ஒருவனுக்கும் நஷ்டம் மற்றொருவனுக்குமாக இருப்பதைத்தான் கூடாதென்கிறோம். பெருந்துறைமுகங்களை நிர்வகிக்க 2021-ல் செய்த சட்டப்படி, நிர்வாக சபையில் ரயில்வேக்கு இடமுண்டு. ராணுவத்திற்கும் சுங்க இலாகாவுக்கும் இடமுண்டு. துறைமுகச் சிப்பந்திகளுக்கு இரண்டு இடமுண்டு. மீனவனுக்கென்று ஓர் இடமும் இல்லை. கரையோர ஜனங்களின் முன்னேற்றமும் சாகர்மாலாவின் ஓர் அங்கம் என்று எழுதியிருப்பது வாஸ்தவமானால், அந்த ஜனங்களைச் சபைக்குள் விடுவதில் என்ன கஷ்டம்?

ஆகவே அடுத்த தடவை திட்டத்தைத் திருத்தும்போது மூன்று காரியம் செய்ய வேண்டும். ஒவ்வொரு துறைமுகத்தின் இருபுறமும் கரை எவ்வளவு வளர்ந்தது, எவ்வளவு தேய்ந்தது என்று வருஷந்தோறும் அளந்து, அந்தந்த ஊர்ப் பாஷையில் குப்பத்தில் ஒட்ட வேண்டும். தெற்கே தேங்கும் மணலை வடக்கே கொண்டு சேர்க்கும் செலவைத் துறைமுகச் செலவிலேயே எழுத வேண்டும். சபையில் மீனவனுக்கு ஓர் இடம் சட்டப்படி ஒதுக்க வேண்டும்.

கரையோரத் தோழர்களே! உங்கள் ஊரில் துறைமுகத்திற்காகக் கருத்துக் கேட்கும் கூட்டம் கூட்டினால், சும்மா கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். எங்கள் மணல் எங்கே போகும், அதற்குப் பொறுப்பாளி யார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள்.