வடநெம்மேலிப் பானைகள்

விலையில்லாப் பாடநூலும் சீருடையும் வழங்கும் நாளில் நம் பள்ளிகளில் ஒரு காட்சி தவறாது. பிள்ளை பொருளை வாங்கிக்கொண்டு திரும்பும். "நன்றி சொன்னியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிள்ளை மறுபடி வந்து கைகூப்பும். யாராவது படம் எடுப்பார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனக்குத் தரச் சொன்னதைத்தான் அது வாங்கியிருக்கிறது. எனக்கென்னவோ இது குனியப் பழக்குவதாகவே படுகிறது.

குறளின் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். 'கூறல்' என்று பெயர் வைக்கவில்லை. அங்கே நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை. அதை அறிய வேண்டுமானால் விசாரிக்க வேண்டும். விசாரிப்பது வகுப்பறை வேலை.

செங்கல்பட்டு மாவட்ட ஆசிரியர்களுக்கு இதற்கான பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. மாமல்லபுரம் சுற்றுலாப் பேருந்து வடநெம்மேலி முதலைப் பண்ணையில் பெரும்பாலும் நிற்கும். 1978-இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதே வளாகத்தில் இயங்குகிறது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பை இழந்த இருளர்கள், ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கையும் பிடித்து, வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில் வைத்து, வாரம் ஒருமுறை நஞ்சு எடுக்கிறார்கள். சில வாரங்களில் பாம்பு திரும்பக் காட்டுக்குப் போய்விடும். நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே சிறுகச் சிறுகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. அந்தக் கணக்கில் சேராமல் பிழைத்து வந்தவர் நம் வகுப்பிலேயே யாருடைய அப்பாவாகவோ இருப்பார். 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எத்தனை காலை வழிபாட்டில் அந்தப் பெயர்களைச் சொன்னோம்?

ஐந்தாம் வகுப்பில் விஷமுறிவு மருந்துக் குப்பியிலிருந்து தொடங்கலாம். ஊசி போட்ட நர்ஸ், அதற்கு முன்னால் மருந்துக் கிடங்கு, குதிரை, பானை, கடைசியில் வரப்போரம் குனிந்து பாம்புத் தடம் பார்க்கும் ஒரு மனிதர். ஒரு பாடவேளை போதாது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வகுப்பில் இருளர் பிள்ளை இருந்தால் எழுப்பி நிறுத்திக் கைதட்டாதீர்கள். அதன் பெற்றோர் செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ உழைப்பவர்களாக இருக்கலாம். பாம்பைத் தொட்டே இராதவர்களாகவும் இருக்கலாம். பொருள் வாங்கிய பிள்ளையைக் கைகூப்ப வைத்ததற்கும் இப்படி எழுப்பி நிறுத்துவதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

பாடம் முடியும்போது "எல்லாரும் நன்றி சொல்லுங்க" என்று நாக்கு நுனிவரை வரும். விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் ஒரு பிள்ளை சத்துணவுக் கூடத்தை எட்டிப் பார்த்து, "இந்த அரிசி எங்கேருந்து சார் வருது?" என்று கேட்டால், பதிவேட்டை மூடிவைத்துவிட்டு அதனோடு மூட்டையைப் பார்க்கப் போங்கள்.