ஆங்கிலம் தப்பா வந்தா வாயை மூடிக்கணுமா?



தாய்லாந்து என்றதும் நமக்கு யானையும் புத்தர் கோயிலும்தான் ஞாபகம் வரும். ஆனால் அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் நம்மைப் போலவே ஒரு பயம் இருக்கிறது. அதுதான் இங்கிலீஷ் பேசுவது!

தாய்லாந்தை எந்த ஐரோப்பிய நாடும் பிடித்து ஆண்டதில்லை. அதனால் வீடு, கடை, ஆபீஸ் எல்லா இடத்திலும் அவர்கள் மொழிதான். அந்த மொழிக்குப் பெயரே தாய் மொழி! ஆனாலும் 1996 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாயப் பாடம். 2008-ல் நடைமுறைக்கு வந்த ஆசியான் சாசனம், அந்த நாடுகளின் கூட்டமைப்புக்கு ஆங்கிலத்தையே வேலை மொழி ஆக்கியது. சுற்றுலா வேலைக்கும் அது வேண்டும்.

அவர்களுக்கு எது கஷ்டம்? தாய் மொழிச் சொற்கள் 'ல்' ஒலியில் முடியாது. அதனால் 'ஃபுட்பால்' என்பது 'ஃபுட்பொன்' ஆகிவிடும். 'பஸ்' என்பது 'பட்' ஆகும். வினைச்சொல் காலத்துக்குத் தகுந்தபடி மாறாது. அதனால் 'ஐ கோ எஸ்டர்டே' என்று வந்துவிடும். இதைக் கேட்டு நாம் சிரிக்கலாமா? அவர்கள் மொழியில் 'மா' என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொன்னால் 'வா', குரலை உயர்த்திச் சொன்னால் 'குதிரை', இறக்கி ஏற்றினால் 'நாய்'. நாம சொல்லிப் பார்த்தா அவங்கதான் சிரிப்பாங்க!

சொல் கிடைக்காதபோது அவர்கள் என்ன செய்கிறார்கள்? 'லைப்ரரி' மறந்துபோனால் 'புக் எடுக்கிற இடம்' என்று சுற்றி வளைத்துச் சொல்வார்கள். கையால் காட்டுவார்கள். படம் வரைவார்கள். தெரிந்த எளிய சொல்லைப் போடுவார்கள். 'மறுபடி சொல்லுங்க' என்று கேட்பார்கள். இதற்குத் தொடர்பு உத்திகள் என்று பெயர்.

இன்னொரு வழியும் உண்டு. சும்மா சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவது. மற்றவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற தயக்கத்தை அவர்கள் 'கிரெங் ஜாய்' என்பார்கள். அது நல்ல குணம்தான். ஆனால் அந்தத் தயக்கத்தோடு, நாலு பேர் முன்னால் மானம் போய்விடுமோ என்ற பயமும் சேர்ந்தால் வாய் அடைத்துப் போகும். மற்ற வழிகளில் கொஞ்சமாவது பேச்சு வளரும். மௌனத்தில் ஒன்றும் வளராது என்பது என் கருத்து.

'தப்புத் தப்பா பேசினா அதுவே பழகிடாதா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பேசினால்தானே தப்பு வெளியே தெரியும்? வெளியே தெரிந்தால்தானே டீச்சர் திருத்த முடியும்? எங்கள் தெரு அக்கா ஒருவர் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் நல்ல மார்க். வேலைக்கு நேர்முகத் தேர்வில் பதில் தெரிந்தும் வாயே திறக்கவில்லை. வேலை கிடைக்கவில்லை. மார்க் இருந்தது, பேசிய பழக்கம் இல்லை.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். ஆங்கில வகுப்பில் தினமும் பத்து நிமிஷம் பேச மட்டும் கொடுங்கள். பேசி முடித்த பிறகு திருத்துங்கள். தோழிகளே, தோழர்களே, உங்களுக்கும் ஒன்று. யாராவது தடுமாறினா சிரிக்காதீங்க. ஒரு சொல் எடுத்துக் கொடுங்க. நாளைக்கு நாம தடுமாறும்போது அவங்க கொடுப்பாங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி